ஏழாம் இலக்க அற்றோணி

மிஸ்ஸிடம் ஒரு தாளைக் கொடுத்தால் உடனே பார்க்க மாட்டார். வாங்கி மேசையில் குப்புறப் போட்டுவிட்டு, கொடுத்தவரின் முகத்தைப் பார்த்து, "இன்னொண்டு இருக்கோ?" என்று கேட்பார். கொடுத்தவர் மூன்று பஸ் மாறி வந்திருக்கலாம். வீடு பறிபோய் உறவுக்காரரின் விறாந்தையில் படுத்தெழும்பி வந்திருக்கலாம். வாசலில் நின்றே அழத் தொடங்கியிருக்கலாம். எல்லாருக்கும் அதே கேள்விதான். முதல் கிழமை முழுக்க அவருக்குப் பக்கத்தில் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. நான் வேலை செய்த கந்தோரில் எங்கள் எல்லாருக்கும் அவர் மிஸ். பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் அல்ல. கொழும்பில் இருபது வருடங்களுக்கு மேலாகக் கையெழுத்தையும் மையையும் தாளையும் பரிசோதித்து, இது மெய், இது கள்ளம் என்று நீதிமன்றங்களுக்கு எழுதிக் கொடுத்தவர். காணி மோசடிகள் கூடிப்போய், அவற்றை விசாரிக்கவென்று யாழ்ப்பாணத்தில் ஒரு வாடகை வீட்டில் சின்னப் பிரிவு ஒன்றைத் திறந்தபோது அவரை இங்கே மாற்றினார்கள். சொந்த ஊர் மானிப்பாய்ப் பக்கம்தான். ஊருக்கு வந்த சந்தோஷம் எதையும் நான் அவர் முகத்தில் காணவில்லை. ஐம்பதை நெருங்கின வயது, ஒட்ட வெட்டின நகம், பவுடர் படாத முகம். பவுடர் தாளில் கொட்டுமாம்.

நான் அங்கே எழுதுவினைஞர். ஆவண அறையின் திறப்புக் கொத்து என் பொறுப்பில் இருந்தது. முதல் நாள் கோயிலுக்குப் போய்விட்டுத் திருநீறும் சந்தனமுமாக வேலைக்கு வந்த என்னை அவர் வாசலிலேயே மறித்தார்.

"முகத்தைக் கழுவிப்போட்டு வாரும். உம்மடை பக்தி என்ரை தாளிலை கொட்டப் போகுது."

கழுவினேன். அன்றிலிருந்து ஐந்து வருடம், குழாயடியில் நெற்றியை அழித்துவிட்டுத்தான் கந்தோருக்குள் போனேன். சாமிக்குப் பயந்ததைவிட அவருக்குப் பயந்தது அதிகம் என்று சொல்ல எனக்கு இப்போது கூச்சமில்லை.

எங்கள் பிரிவுக்கு வந்தவை பெரும்பாலும் அற்றோணிகள். வெளிநாட்டில் இருக்கிற ஒருவர், தன்னுடைய காணியை விற்கச் சொல்லி ஊரில் உள்ள ஒருவருக்கு எழுதிக் கொடுக்கிற அதிகாரப் பத்திரத்தை நாங்கள் அற்றோணி என்போம். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குக் கள்ள அற்றோணி ஒன்றைச் செய்து, அதை வைத்து வீட்டை விற்றுவிடுவார்கள். சொந்தக்காரர் பத்து வருடம் கழித்து வந்து படலையைத் திறந்தால், முற்றத்தில் யாரோ உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். சாவகச்சேரியில் ஒரு முறைப்பாடு, அச்சுவேலியில் ஒன்று, மானிப்பாயில் இரண்டு என்று தனித்தனியாக வந்தன. தனித்தனி அதிகாரிகள் விசாரித்தார்கள். தாள் கள்ளம்தான் என்று கண்டுபிடிப்பார்கள், செய்தவர் யாரென்று தெரியாது, கோப்பைக் கட்டி வைப்பார்கள்.

மிஸ் வந்துதான் அந்தக் கட்டுகளை எல்லாம் அவிழ்த்து ஒரே மேசையில் பரப்பினார். அதுவும் குப்புற.

"கள்ளத்தாள் எண்டு சொல்லிறதுக்கு நான் தேவையில்லை. அதைக் காணிக்காரனே சொல்லுவான். உது எந்த வீட்டிலை பிறந்தது, உதோட கூடப்பிறந்தது எத்தினை, எனக்கு அதுதான் வேணும்," என்றார்.

தாளின் முன்பக்கம் எழுதினவன் காட்ட விரும்பினது, முதுகுப் பக்கம் அவன் மறந்தது என்பது அவர் கணக்கு. பேனை எவ்வளவு அழுத்தினது, ஊசி எத்தனை தரம் குத்திக் கழற்றினது, அச்சு இயந்திரத்தின் கீறல் வலது ஓரத்தில் மயிரளவு கோடாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். ஒரே கோடு இரண்டு தாளில் இருந்தால் சுவரில் இரண்டு பெட்டி கீறி நூலால் இணைப்பார். அப்படிப் பதினான்கு அற்றோணிகள் சுவரில் ஏறின. பதினான்கு வீடுகள், பதினான்கு குடும்பங்கள், ஒன்றையொன்று தெரியாத ஊர்கள். நூல் மட்டும் ஒரு பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

தன்னுடைய கையெழுத்தை அவர் எங்கும் விட்டு வைப்பதில்லை. கடைக்குச் சாமான் எழுதின துண்டைக்கூடத் திருப்பி வாங்கிக் கிழித்துவிடுவார். உறவென்று அவருக்கு யாரும் கடிதம் எழுதியோ, அவர் எழுதியோ நான் காணவில்லை.

எங்கள் சாரதி ஒரு நாள் மகளின் கலியாண அழைப்புக் காட்டைக் கொண்டுவந்து, வெற்றிலைத் தட்டத்தில் வைத்து, மரியாதையாக நீட்டினார். மிஸ் அதையும் குப்புறப் போட்டார். பூதக்கண்ணாடியை எடுத்தார். நான் மனதுக்குள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு நின்றேன்.

"எங்கை அடிச்சனீங்கள்?"

சாரதி அச்சகத்தின் பெயரைச் சொன்னார்.

"அவன் இதுக்கு முன்னம் அந்தியேட்டிக் கல்வெட்டு ஒண்டு அடிச்சிருக்கிறான். மை காயமுதல் உங்கடை மட்டையை மேலை அடுக்கிப் போட்டான். பின்பக்கத்திலை எழுத்து மறுவளமா ஒட்டிக் கிடக்கு. 'அன்னாரின் பிரிவால்' வரைக்கும் வாசிக்கலாம்."

செத்தவரைப் பாடி முப்பத்தோராம் நாள் சடங்குக்கு அடிக்கிற புத்தகத்தின் மை, மகளின் கலியாண மட்டையில். சாரதிக்கு முகம் செத்துப்போனது. வெறும் கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. அவர் சொல்லாமல் விட்டிருந்தால் ஊரில் ஒருவருக்கும் தெரிந்திராது. சாரதி அன்றைக்கே முந்நூறு மட்டையையும் எரித்துவிட்டு வேறு அச்சகத்தில் புதிதாக அடிப்பித்தார். மிஸ் கலியாணத்துக்குப் போகவில்லை. "நான் பொய்யோ சொன்னனான்?" என்று என்னைக் கேட்டார், உண்மையாகவே விளங்காதவர் மாதிரி.

கனடாவிலிருந்து வந்த ஒரு முதியவரை மறக்க முடியாது. அவருடைய மானிப்பாய் வீடுதான் சுவரில் மூன்றாவது பெட்டி; அது போனபிறகு உறவுக்காரர் வீட்டு விறாந்தையில்தான் படுக்கை. அற்றோணியில் இருந்த கையெழுத்தைக் காட்டி, "இது என்ரை கையெழுத்தில்லை, சத்தியமா நான் போடேல்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மிஸ் வழமைபோல இன்னொண்டு கேட்டார். அவர் தன் பையைக் கிளறி, தாயின் திவசம் பற்றித் தான் ஒரு தரம் எழுதின கடிதத்தின் நகலை எடுத்துக் கொடுத்தார். மிஸ் இரண்டு கையெழுத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது உங்கடை கையெழுத்துத்தான் ஐயா."

முதியவர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

"இருங்கோ. நீங்கள் போடேல்லை. ஆனா கையெழுத்து உங்கடை. ஒருத்தர் ரண்டுதரம் போட்டால் ரண்டும் அச்சொட்டா ஒரேமாதிரி வராது. இது வந்திருக்கு. இந்தக் காயிதத்தை வைச்சுத்தான் அதிலை எடுத்திருக்கு. இந்த நகலின்ரை முதல் காயிதம் ஆருக்குப் போனது?"

"தம்பிக்கு."

"அப்ப தம்பிதான்."

"அவன் அப்பிடிச் செய்யமாட்டான் பிள்ளை. அவனை நான்தான் வளத்தனான்."

"தம்பி எழுதின காயிதம் ஏதும் வைச்சிருக்கிறியளோ? அவரின்ரை கையெழுத்தும் எனக்கு வேணும்."

முதியவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். மிஸ் என் கையைப் பார்த்து, "தண்ணியை மேசைக்குக் கிட்டக் கொண்டு வரவேண்டாம்" என்றார். முதியவர் மறுநாள் தம்பியின் கடிதங்களைக் கட்டாகக் கொண்டுவந்து தந்தார், நூல்கூட அவிழ்க்காமல். மிஸ் சொன்னதே சரியாக இருந்தது. தம்பிக்காரன் அந்தக் கடிதத்தை ஒரு தரகரிடம் கொடுத்திருந்தான். அந்தத் தரகரை அவனுக்கு மோட்டார் சைக்கிளில் வருகிற ஆளாகத்தான் தெரியும். பெயர், ஊர் ஒன்றும் தெரியாது. சுவரில் எல்லா நூலும் போய்ச் சேர வேண்டிய பெட்டி இன்னும் வெறுமையாக இருந்தது.

மூன்றாம் வருடம் கொழும்பிலிருந்து ஊதாக்கதிர் விளக்கு ஒன்று வந்தது. ஒரு நாள் பத்து மணி போல, யன்னல் சீலைகளை எல்லாம் இழுத்து மூடச் சொல்லிவிட்டு, மிஸ் அந்த விளக்கைப் போட்டுப் பதினான்கு அற்றோணிகளின் கடைசித் தாள்களையும் வரிசையாகப் பார்த்தார். தாள்கள் நீலமாக ஒளிர்ந்தன. பதினொரு தாளின் முதுகில், இடது கீழ் மூலையில், பச்சை கலந்த மஞ்சளாக ஒரு பொட்டு பளிச்சென்று எரிந்தது. பகல் வெளிச்சத்தில் அது பழந்தாளின் கறை மாதிரித்தான் இருந்தது.

"மஞ்சள்," என்றார் மிஸ். "எங்கடை சனம் புதுத்தாளுக்கு மஞ்சள் வைக்கிறதுதான். ஆனா நாலு மூலைக்கும், முன்பக்கமா வைப்பினம். இது முதுகிலை ஒண்டே ஒண்டு. அதுவும் வைச்சாப்பிறகு துடைச்சிருக்கு. ஆரோ ஒளிச்சு வைக்கினம்."

அந்தப் பொட்டை வைக்கிற விரலை நான் அறிவேன். மோதிர விரல். என்னுடைய அக்காவின் விரல்.

அக்கா சாவகச்சேரியில் நீதிமன்றத்துக்கு முன்னால் உள்ள ஒரு தட்டச்சுக் கடையில் இருபத்திரண்டு வருடமாக இருந்தாள். அப்பா சாகும்போது எனக்கு ஏழு வயது. அவள் தட்டச்சடித்துத்தான் நான் படித்தேன். கடைசித் தாளை அடித்து முடித்தவுடன், கோயில் மஞ்சளைத் தைலம் முடிந்த சின்னத் தகரப் பேணி ஒன்றிலிருந்து தொட்டு மூலைக்கு வைப்பது அவள் பழக்கம். தாளின் காரியம் நல்லபடி முடியவேண்டும் என்று நினைப்பாள், யாருடைய தாளாக இருந்தாலும். முன்பக்கத்தில் கறை படுகிறது என்று முதலாளி ஏசினதால் பின்பக்கத்துக்கு மாற்றி, வைத்த கையோடு துடைத்தும் விடுவாள். வைப்பதை மட்டும் விடவில்லை.

மிஸ் விளக்கை அணைக்காமல் பேசிக்கொண்டே போனார். "தெரிஞ்சு செய்யிற ஆள் மஞ்சள் வையான். வைச்ச ஆளுக்கு இது கள்ளத்தாள் எண்டு தெரியாது. அப்பாவி. அந்த ஆளைப் பிடிச்சமெண்டால், தாள் கொண்டுவாற ஆளை அங்கையே இருந்து பாக்கலாம்."

அப்பாவி என்று அவர் தன் வாயால் சொன்னார். நான் அதைக் கேட்டேன். இன்றைக்கும் அந்தச் சொல் காதில் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் என் மண்டைக்குள் போனது "பிடிச்சமெண்டால்" என்ற சொல் மட்டும்தான். விசாரணைக்காரர் அக்காவின் கதிரைக்குப் பக்கத்தில் போய் நிற்கிற காட்சிதான் வந்தது. பயந்தவனுக்குப் பாதிதான் கேட்கும் என்பதை என்னை வைத்துப் படித்தேன்.

மிஸ் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும்பும்போது விளக்கை மட்டும் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டு போவார். தாள்கள் என் பொறுப்பு. முதலுதவிப் பெட்டியிலிருந்து பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்துக்கொண்டேன். பதினொன்றையும் துடைப்பதுதான் என் எண்ணம். மேலே கிடந்தது ஏழாம் இலக்கம். துடைத்தேன். கறை போய்விட்டது, தாள் வெள்ளையாகிவிட்டது. அடுத்ததை எடுப்பதற்குள் நடையில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டது.

அன்று பின்னேரம் பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போனேன். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் தந்தாள். யார் உனக்கு அற்றோணி கொண்டுவருகிறான் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள், நான் அதை மிஸ்ஸிடம் கொண்டுபோயிருக்கலாம், எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். நான் குழம்பு நல்லாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். கோழை என்று என்னை நானே சொல்லிக்கொள்கிறேன்.

மறுநாள் மிஸ் திரும்ப விளக்கைப் போட்டார். ஏழாம் இலக்கத்தில் பொட்டு இல்லை. அதற்குப் பதிலாக ஒரு ரூபாய்க் குற்றியளவில் ஒரு வளையம் ஒளிர்ந்தது. ஸ்பிரிட் மஞ்சளைக் கரைத்துச் சுற்றிவரப் பரப்பியிருந்தது. கண்ணுக்குத் தெரியாமல் போனது, விளக்குக்கு முன்னையதைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

மிஸ் விளக்கை அணைத்தார். "தேத்தண்ணி ஒண்டு சொல்லிவிடும்" என்றார். நான் போனேன், வந்தேன். மூன்று நாள் அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. அந்த மூன்று நாளும் நான் நல்ல நித்திரை கொண்டேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். தப்பிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

நாலாம் நாள் காலை என்னை அறைக்குக் கூப்பிட்டுச் சீலைகளை மூடச் சொன்னார். விளக்கின் கீழ் ஒரே ஒரு தாள் குப்புறக் கிடந்தது. இடது கீழ் மூலையில் அதே பொட்டு.

"இது எத்தினையாம் இலக்கம் மிஸ்?"

"இலக்கம் இல்லை. திருப்பிப் பாரும்."

திருப்பினேன். இந்த வேலைக்கு நான் அனுப்பின விண்ணப்பம். நிர்வாகப் பகுதியிலிருந்து என்னுடைய சொந்தக் கோப்பை எடுப்பித்திருக்கிறார்.

"இதை ரைப் அடிச்சது ஆர்?"

நான் சொன்னேன். வேறென்ன செய்ய. சொல்லும்போதே அழுதுவிட்டேன். "அவவுக்கு ஒண்டும் தெரியாது மிஸ்."

"அது எனக்கு நாலு நாளைக்கு முன்னமே தெரியும். நான்தானே சொன்னனான்."

"அப்ப ஏன் மிஸ் கேக்கிறியள்?"

"இப்ப அது நிச்சயமில்லை. ஒண்டும் தெரியாத ஆளின்ரை தம்பி ஏன் துடைக்கிறார்? இந்தக் கேள்வியை நான் கேக்காட்டிலும் விசாரிக்கிறவன் கேப்பான். நீர் துடைக்காமல் விட்டிருந்தால் அவ எங்களுக்குச் சாட்சி. துடைச்சபடியால் சந்தேகப்பட்ட ஆள். மஞ்சள் மட்டும் இருக்கேக்கை எனக்கு யாழ்ப்பாணத்திலை உள்ள ரைப் கடை எல்லாத்தையும் தேடவேண்டியிருந்தது. நீர் ஒரே நாளிலை வீட்டைக் காட்டிப்போட்டீர்."

குரலில் கோபம் ஒரு துளி இல்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

"என்னைப் பிடியுங்கோ மிஸ். நான்தான் துடைச்சது எண்டு எழுதித் தாறன்."

"உம்மைப் பிடிக்கேலாது. ஆவண அறைக்காரனே கை வைச்சவன் எண்டு வெளியிலை வந்தால், இந்த அறையிலை இருக்கிற ஒரு தாளும் பிறகு நீதிமன்றத்திலை நிக்காது. அந்தக் கனடாக் கிழவர் சாகும்வரைக்கும் விறாந்தையிலை படுக்கவேணும். ஏழாம் இலக்கத்தை நான் கோப்புக் கட்டிலையிருந்து எடுத்துப்போட்டன். உம்மடை பெயர் ஒரு இடத்திலும் வராது."

அப்படியே செய்தார். விசாரணைக்காரருக்கு ஒரு பக்கத்தில் குறிப்பு ஒன்று கொடுத்தார். எந்தக் கடை, யார், எந்த இலக்கங்கள், கடைக்காரருக்கு முன்கூட்டியே தகவல் போகக்கூடிய வழி உண்டு என்று மட்டும் அதில் இருந்தது. அடியில், இது விசாரணைக்கு வழிகாட்டுவது மட்டுமே, சான்று அல்ல என்று ஒரு வரி. அப்படிப்பட்ட குறிப்பு நீதிமன்றத்துக்குப் போகாது. எதை வைத்து அந்தக் கடைக்குப் போனார்கள் என்று யாருக்கும் சொல்லவும் தேவையில்லை. ரகசியம் என்றபடியால் கந்தோரில் வேறு ஒருவரிடமும் கொடுக்காமல் அதை என்னையே அடிக்கச் சொன்னார். அக்காவின் பெயரை நான்தான் அடித்தேன். பிழையில்லாமல் அடித்தேன்.

மறுநாள் பத்து மணிக்கு, தகவல் போவதற்கு முன்பே, வழக்குக்கு வந்த சனமும் சட்டத்தரணிகளும் ரோட்டில் நிற்கிற நேரத்தில், அக்காவைக் கடையிலிருந்து ஏற்றினார்கள். ஜீப்பில் ஏறும்போது அவள் எனக்குத்தான் போன் எடுத்தாள்.

"தம்பி, என்னவோ கள்ள அற்றோணியாம். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. உன்ரை கந்தோரிலை பெரிய ஆக்கள் ஆரையும் கேட்டுப்பார் ராசா."

கேட்கிறேன் என்றேன்.

கேட்ட எல்லாவற்றையும் அக்கா முதல் நாளே சொல்லிவிட்டாள். தாள் கொண்டுவருகிற ஆளின் முகம், மோட்டார் சைக்கிள், வருகிற நாட்கள், அவன் கொடுத்திருந்த போன் இலக்கம் எல்லாம் அவளுக்கு ஞாபகம். நாலாம் நாள் தரகரை முத்திரைகளோடு பிடித்தார்கள். சுவரில் வெறும் பெட்டிக்குள் மிஸ் ஒரு பெயரை எழுதினார். எட்டு வீடுகள் சொந்தக்காரரிடம் திரும்பிப் போயின. கனடா முதியவர் வந்து மிஸ்ஸைக் கும்பிட்டார். மிஸ் பிழை விடவில்லை, அதுதான் என்னால் பொறுக்க முடியாதது. அக்கா மட்டும், சந்தேகப்பட்டவர் என்று பதிந்தபடியால், பதினான்கு நாள் சிறையில், விளக்கமறியலில் இருந்தாள். பிறகு அவளுக்கு எதிராக ஒன்றும் இல்லை என்று விட்டார்கள்.

ஒன்றும் இல்லை என்பதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைக்காரர் அவளுடைய கதிரையில் வேறு ஒரு பெட்டையை இருத்திவிட்டார். இருபத்திரண்டு வருடம் அவளைத் தேடி வந்து தாள் கொடுத்த சட்டத்தரணிமார் ரோட்டில் கண்டால் குடையைச் சரித்துக்கொண்டு போனார்கள். வேறு கடைகளும் எடுக்கவில்லை. இப்போது அச்சுவேலியில் நெல்லிரசம் அடைக்கிற ஒரு சின்னத் தொழிற்சாலையில் போத்தல்களுக்கு லேபல் ஒட்டுகிறாள்.

மறியலிலிருந்து விட்டு வந்த அன்று அவள் என்னை ஒன்று கேட்டாள். "இத்தினை கடை இருக்க எப்பிடித் தம்பி என்னட்டை வந்தவை?"

"மிசின் கண்டுபிடிச்சது," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எங்கடை மிஸ் கதைச்சுத்தான் உன்னைக் கெதியா விட்டவை" என்றும் ஒரு பொய்யைச் சேர்த்தேன். அன்றிலிருந்து அக்கா வீட்டு விளக்கு வைக்கும்போது மிஸ்ஸுக்கும் ஒரு தரம் கும்பிடுவாள்.

மிஸ்ஸும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் என்னிடம், "அக்கா சுகமோ?" என்று கேட்பார். குத்தலாகக் கேட்கவில்லை. குத்தலென்றால் தாங்கியிருப்பேன். ஒரு கோப்பின் நிலவரத்தைக் கேட்பதுபோலக் கேட்பார். சுகம் மிஸ் என்பேன். இரண்டு வருடம் இப்படிப் போனது. நான் வேலையை விடவில்லை. ஏன் விடவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள்.

பிறகு அவருக்குக் கொழும்புக்கு மாற்றம் வந்தது. பிரியாவிடை என்று கேள்விப்பட்டவுடன் அக்கா லீவு போட்டுவிட்டு, பனம்பழம் தேடி எடுத்துப் பிழிந்து, பனங்காய்ப் பணியாரம் சுட்டு ஒரு பெரிய பேணி நிறையத் தந்துவிட்டாள். "என்னை வெளியிலை எடுத்த மனிசி. வெறுங்கையோட அனுப்பக்கூடாது" என்றாள்.

மேசையில் எதையும் சாப்பிடாத மிஸ், அன்று மேசை வெறுமையாக இருந்ததால், அங்கேயே இருந்து பணியாரத்தைச் சாப்பிட்டார். இரண்டு சாப்பிட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீர் இன்னும் சொல்லேல்லைப் போலை."

"இல்லை மிஸ்."

"சொல்லவேண்டாம். சொன்னால் உமக்கு மட்டும்தான் சுகமாயிருக்கும். அவவிட்டை மிச்சமிருக்கிறது நீர் ஒராள்தான். அதையும் எடுத்துப்போடுவீர்."

ஐந்து வருடத்தில் அவர் ஒரு ஆளை ஆளாகப் பார்த்துச் சொன்னதை அன்றைக்குத்தான் கேட்டேன். அதையும் நான் கேட்டு நடக்கப் போவதில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது.

பேணியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அக்கா வாசலிலேயே நின்றாள். "சாப்பிட்டவவோ?" என்று கேட்டாள். ரண்டு சாப்பிட்டவ என்றேன். அவளுடைய முகம் அப்படி மலர்ந்ததை மறியலுக்குப் பிறகு நான் கண்டதில்லை.

மிஸ் போய் இப்போது ஒரு வருடமாகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அக்கா லேபல் பசை காய்ந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

"தம்பி, எனக்கு ரைப் அடிக்க ஏதும் தாவன். காசுக்கில்லை. கை மறந்துபோகும் போலை கிடக்கு. நீ எழுதிறது ஏதும் இருந்தாலும் பறவாயில்லை."

எழுதித் தருகிறேன் என்றேன். ஒரு கிழமையாக எழுதியது இதுதான். அக்கா வேகமாக அடிப்பாள், ஆனால் ஒரு வரியையும் வாசிக்காமல் அடிக்கமாட்டாள். நாளைக்குக் காலமை கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். மிஸ் சொன்னது சரி. இன்னும் கொடுக்கக்கூட இல்லை, இப்போதே எனக்குச் சுகமாக இருக்கிறது.